எக்ஸாம் லீவில் ஊட்டி: சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

சின்னப் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போகும்போது வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை ஊட்டியில் தொடங்குவதில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே, மலைப்பாதையில் தொடங்குகின்றன. அங்கே இரண்டு தடவை வாந்தி எடுத்துத் துவண்ட பிள்ளை மத்தியானம் சாப்பிடாது, சாயங்காலம் குளிரில் சிணுங்கும், ராத்திரி யாரையும் தூங்க விடாது. மறுநாள் போட்ட திட்டமும் அத்தோடு போச்சு. அதனால் மலை ஏறுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறது. பூங்காவும் படகும் அதற்கப்புறம். ஆறு வயதுக்குள் பிள்ளைகள் உள்ள குடும்பம், மூன்று இரவு தங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, கோத்தகிரியின் காய்கறிக் கண்காட்சி எல்லாம் அந்த மாதத்தைச் சுற்றியே வரும். மூன்றடி உயரப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் பூவைப் பார்க்காது, முன்னால் நிற்பவரின் பேன்ட்டைத்தான் பார்க்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு மே வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும், ஏப்ரல் முதல் பாதியில், திங்கள் முதல் வியாழன் வரை போய்விட்டு வந்துவிடலாம். தமிழ்ப் புத்தாண்டும் புனித வெள்ளியும் ஒட்டி வருகிற நீண்ட வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6000 வண்டி, வார இறுதியில் 8000. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் எடுக்கலாம். அறையை உறுதி செய்வதற்கு முன்பே பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அறைப் பணத்தை இழக்கிறார்கள். பாஸ் வண்டி எண்ணின் பேரில் வருவது. கிளம்புகிற காலையில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்பினால் கையில் இருக்கிற பாஸ் உதவாது, ஆகவே வண்டி எண்ணை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரசுப் பஸ், ரயில், டி.என். 43 என்று தொடங்கும் நீலகிரி வண்டிகளுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கார டிரைவர் ஒருவரின் வண்டியில் ஏறுவது இதனால் வசதி. மலைப்பாதை அவருக்குப் பழகிய பாதை என்பது இன்னொரு லாபம்.

மேட்டுப்பாளையம் வரை

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் சரி. இரவு 9 மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பி, விடிகிற நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். பிள்ளைகள் தூங்குகிற நேரம் முழுக்க ரயிலிலேயே கழிந்துவிடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீசனில் அன்றைக்கே தீர்ந்துவிடும். ஐந்து வயதுக்குள் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் பெர்த்தும் கிடையாது. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முழுக் கட்டணம் கட்டித் தனி பெர்த் எடுப்பது நல்லது. ஒரே பெர்த்தில் அம்மாவும் நாலு வயதுப் பிள்ளையும் படுத்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மலையில் வாந்தி இன்னும் சீக்கிரம் வரும்.

இனி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ.; 16 சுரங்கம், 208 வளைவு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் பதித்து, அதைப் பற்றிக்கொண்டுதான் என்ஜின் ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. காலை 7:10க்குக் கிளம்பி மத்தியானம்தான் ஊட்டி சேரும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய கொண்டாட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் ஒரு மணி நேரம் கொண்டாட்டம், அப்புறம் இருக்கையில் நெளிகிற வேலை. பெட்டியில் கழிப்பறை கிடையாது, நிற்கிற ஸ்டேஷன்களில்தான் இறங்கிப் போய்வர வேண்டும். ஒவ்வொரு அறையும் தனித்தனி, ரயில் ஓடும்போது உள்ளே நடமாட வழியில்லை. ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறங்கினால் குரங்குகள் கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பிடுங்கும்.

அதனால் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் முழுப் பயணத்தை விட்டுவிட்டு, குன்னூர்–ஊட்டி நடுவே மட்டும் ஒரு நாள் ரயிலில் போங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் வந்துகொண்டே இருப்பதால் பிள்ளைக்கு அலுக்காது. சுரங்கம் வரும், கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும். நீராவி என்ஜின் மட்டும் இருக்காது. குன்னூருக்கு மேலே டீசல்தான்.

மலை ஏறும் இரண்டு மணி நேரம்

குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு சொச்சம் மீட்டர். ஊட்டி 2240 மீட்டர். ஐம்பத்து சொச்சம் கி.மீ.யில் அவ்வளவு ஏற்றம்.

பிள்ளைகளுக்கு ஏன் வாந்தி வருகிறது? வண்டி வளைவதைக் காது உணர்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகை மட்டும் பார்க்கிறது. அது அசையாமல் இருக்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல். இரண்டு வயதுக்குள் அவ்வளவாக வராது, இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் அதிகம். செய்ய வேண்டியது என்னவென்றால், முன் கண்ணாடி வழியே சாலை தெரிகிற மாதிரி, பின் சீட்டின் நடுவில், குழந்தை இருக்கையை உயர்த்திப் பொருத்துவது. நடுவில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் ஓரத்தில்தான் பொருத்த முடியும்.

வாடகை வண்டியில் குழந்தை இருக்கை இருக்காது, வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். தூக்குகிற பாரம்தான், இருந்தாலும் மடியில் வைத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். திடீர் பிரேக்கில் பத்துக் கிலோ பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்குள் பிள்ளைக்கு பெல்ட் அல்லது குழந்தை இருக்கை கட்டாயம் என்கிறது. மீறினால் 1000 ரூபாய் அபராதம்.

சாப்பாடு: வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு இட்லி, ஒன்றரை இட்லி போதும். சட்னி, சாம்பார் கொஞ்சமாக. பால், பூரி, வடை வேண்டவே வேண்டாம். பால் குடித்து வாந்தி எடுத்தால் அந்த வாடை வண்டியை விட்டு ஊர் திரும்பும் வரை போகாது. அந்த வாடையே அடுத்த பிள்ளைக்கு வாந்தியை வரவழைக்கும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இது பொருந்தாது. அது பசித்தபோது குடிக்கட்டும், அதற்கு வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். வண்டிக்குள் தொங்குகிற வாசனைப் புட்டியைக் கழற்றி டிக்கியில் போடச் சொல்லுங்கள். மொபைலில் கார்ட்டூன் காட்டக் கூடாது. அழுகையை நிறுத்துகிறேன் என்று காட்டுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் பெரும்பாலும் வாந்தியில் முடிகிறது. அடிக்கடி கொட்டாவி, முகம் வெளுப்பு, எச்சிலை விழுங்குவது, வாயாடிப் பிள்ளை திடீரென்று மௌனமாவது: இவை தெரிந்த உடனே, அடுத்து வண்டி ஒதுங்க இடம் இருக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் வெளியே நிற்க வையுங்கள். வழியில் வருகிற பர்லியாரில் கடைகள் இருக்கின்றன, நிறுத்தலாம். காட்டுப் பகுதி வளைவுகளில் நிறுத்தாதீர்கள். பலாப்பழக் காலத்தில் அந்தப் பக்கம் யானை வருவது வழக்கம்.

வாந்திக்குப் பாலிதீன் பை கொண்டுபோகலாம் என்றால் நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. சின்னத் தூக்குவாளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் நாலாக மடித்த செய்தித்தாள் போட்டு வைத்தால் தளும்பாது, கழுவுவதும் சுலபம். பிள்ளைக்கு ஒரு செட் உடை, பெரியவருக்கு ஒரு சட்டை, ஈரத் துண்டு ஒன்று, இவை காலடியில் இருக்கட்டும். டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருக்கிற மாற்று உடை இந்த நேரத்துக்கு உதவாது.

வாந்தி எடுத்த பிள்ளைக்கு உடனே தண்ணீர் புகட்டாதீர்கள். பத்து நிமிஷம் கழித்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக, இரண்டு மூன்று நிமிஷ இடைவெளியில். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது என்றால் 200 மி.லி.க்கு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுதான், கண்ணளவு கூடாது. வழக்கமாக வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைக்கிற புரோமெத்தசின் வகையை இரண்டு வயதுக்குள் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

உயரம் செய்கிற வேலை

ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கீழே இறுக்கி மூடிய சிப்பர் பாட்டிலை ஊட்டியில் அப்படியே திறந்தால், உள்ளே அடைபட்ட காற்று ஸ்ட்ரா வழியே பாலையோ ஜூஸையோ பிள்ளையின் முகத்தில் பீச்சும். குன்னூரில் ஒரு தடவை மூடியைத் திருகிக் காற்றை விட்டுவிடுங்கள். சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்புவதும் இதனால்தான், கெட்டுப்போனதால் அல்ல.

தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமைக்கிற வசதியோடு அறை எடுத்தவர்கள் திறந்த பாத்திரத்தில் கஞ்சியோ பருப்போ வைத்தால் நேரமும் ஆகும், நடுவில் வேகாமலும் இருக்கும். ஒன்றரை லிட்டர் குக்கரை எடுத்துப் போங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விடுங்கள்.

குளிர்கிறதே என்று வெயிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. பத்து மணிக்கு மேல் மைதானத்தில் ஓடிய பிள்ளையின் கன்னம் மறுநாள் சிவந்து தோல் உரிவதற்குக் குளிர் காரணமல்ல, இதுதான். விளிம்பு வைத்த தொப்பி கட்டாயம்.

உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாக: பனியன், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஸ்வெட்டர், மேலே காற்றுத் தாங்கும் மெல்லிய ஜாக்கெட். ஏப்ரலில் பகலில் 22 டிகிரி வரை போகும், ராத்திரி 12க்கு இறங்கும். ஓடி விளையாடி வியர்த்த பிள்ளையின் பனியனைச் சாயங்காலம் நாலு மணிக்குள் மாற்றிவிடுங்கள். ஈரப் பனியனோடு வெயில் இறங்கினால்தான் ராத்திரி நடுக்கம். சாக்ஸ் நாளைக்கு மூன்று ஜோடி; புல்வெளி காலையில் நனைந்திருக்கும். ஸ்வெட்டர் மறந்துபோனால் தாவரவியல் பூங்கா பக்கத்துத் திபெத்தியர் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். டயப்பர் வழக்கத்தைவிட நாளைக்கு இரண்டு கூடுதலாக எடுங்கள், குளிரில் சிறுநீர் அதிகம் போகும்.

அறை

படத்தைப் பார்த்து அறை எடுக்காதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமா? பிள்ளை ராத்திரி மூன்று மணிக்குப் படுக்கையை நனைக்கும்போது இந்தக் கேள்வியின் அருமை தெரியும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? ஊட்டியில் காட்டேஜ் என்பது பெரும்பாலும் சரிவில் இருப்பது. தள்ளுவண்டி அங்கே வெறும் பாரம், இடுப்பில் கட்டிக்கொள்கிற கேரியர்தான் உதவும். கெட்டில் இருக்கிறதா? ரூம் ஹீட்டர் இருக்கிறதா? ஹீட்டர் இருந்தால் கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

கேம்ப் ஃபயர் முடிந்த கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்து வந்து கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கே போவது, எதை விடுவது

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். டிரைவர் ஒரே நாளில் ஏழு இடம் காட்டுகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏழில் ஐந்து இடத்தில் பிள்ளை வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

வந்து சேர்ந்த நாள் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம். மலை ஏறிய களைப்புக்கு நல்ல இடைவேளை. பிறகு ஊட்டி அறை, மத்தியானத் தூக்கம். அன்று வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் தாவரவியல் பூங்கா. 1848இல் தொடங்கிய பூங்கா, சுமார் 22 ஹெக்டேர், முழுக்கச் சரிவு. காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். எட்டு மணிக்குள் உள்ளே போய்விட்டால் கீழ்ப் புல்வெளி ஏறக்குறைய உங்களுடையது, பத்தரைக்கு மேல் கூட்டம். இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரம் ஒன்று அங்கே இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை கல்லா மரமா என்று கேட்டு உங்களைத் திணறடிக்கும். மேல் தோட்டம் வரை ஏற வேண்டியதில்லை. பத்தரைக்கு வெளியேறி, சாப்பிட்டு, தூங்க வைத்து, மூன்றரைக்குப் படகு இல்லம். ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் திடீர் மழை வரும். வானம் கறுத்தால் படகை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள்.

படகில் பிள்ளைக்குக் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட்டைச் சோதிக்காமல் ஏறக் கூடாது. மாட்டி, பக்கிள் எல்லாம் போட்டு, இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அது பெரியவர் அளவு; தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். சின்ன அளவு இல்லையென்றால் படகு வேண்டாம், கரையில் இருக்கிற குட்டி ரயில் போதும்.

மூன்றாம் நாள் வண்டியைக் குன்னூருக்கு அனுப்பிவிட்டு ரயிலில் போவது, அல்லது அங்கிருந்து ரயிலில் திரும்புவது. தொட்டபெட்டா சிகரம் 2600 மீட்டருக்கு மேல். காலையில் போனால் காட்சி, மத்தியானம் போனால் வண்டி வரிசையும் மேகமும்தான். முதுமலையைச் சின்னப் பிள்ளைகளோடு இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஊட்டியிலிருந்து அங்கே இறங்குகிற கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து வெளி வண்டிகளை அந்த வழியே இறங்கவும் விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

கூட்டமான இடத்துக்குக் கிளம்பும்போது, அன்று போட்ட உடையோடு பிள்ளையை ஒரு போட்டோ எடுங்கள். பெற்றோர் நம்பரைப் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடுங்கள். காணாமல் போனால் சட்டை என்ன நிறம் என்பதே அந்தப் பதற்றத்தில் மறந்துபோகும். குழந்தைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108.

மருந்துப் பை

பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், மூக்குக்குச் சலைன் சொட்டு, தெர்மாமீட்டர், பிள்ளைக்கு வழக்கமாகத் தருகிற மருந்துகள். இதில் கவனம் தேவைப்படுவது பாராசிட்டமால் அளவு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் பத்துக் கிலோ பிள்ளைக்கு 150. மி.லி.க்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் அது ஒன்றரை மி.லி.; 5 மி.லி.க்கு 125 உள்ள சிரப்பில் 6 மி.லி.; 5 மி.லி.க்கு 250 உள்ளதில் 3 மி.லி. வீட்டில் ஒரு பாட்டில், ஊட்டியில் அவசரத்துக்கு வாங்கியது வேறு பாட்டில் என்றால் பழைய மி.லி. கணக்கையே கொடுத்துவிடுவார்கள். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

குரங்கோ நாயோ கடித்தாலும், பிறாண்டினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

இறங்கும்போது

சீசன் நாட்களில் ஒருவழிப் பாதையாக்கி, ஏறுவதைக் குன்னூர் வழியாகவும் இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழி மேட்டுப்பாளையம் சுமார் 60 கி.மீ.; நெரிசலில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயில் என்றால் பிற்பகல் மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

இறக்கத்தில் வாந்தியைவிடக் காதுவலி அதிகம். சளி பிடித்த பிள்ளைக்குக் கிளம்புமுன் மூக்கில் சலைன் விட்டு, மூக்கைச் சுத்தம் செய்துவிடுங்கள். கைக்குழந்தை வழியில் அழுதால் வண்டியை ஒதுக்கிப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு வாய் வாயாகத் தண்ணீர். விழுங்கும்போது காது திறக்கும். ஆறு வயதுக்குள் பிள்ளைக்குச் சூயிங்கம் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கோத்தகிரி தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள், அடுத்த அரை மணியில் பனியனோடு விடுங்கள். ஊட்டியில் போட்ட உடுப்போடு மேட்டுப்பாளையம் வெயிலில் இறங்கும் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதிக்கும், காய்ச்சல் என்று பயந்து மருந்து கொடுத்துவிடுவார்கள். முதலில் உடுப்பைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து, நிழலில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அப்புறம் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.